செவ்வரளி வந்த பிறகு

இதை எழுத நினைத்து நான் தள்ளிப்போட்ட வருஷங்களில் என் பேரன் நடக்கக் கற்று, பள்ளிக்கூடம் சேர்ந்து, இப்போது பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட ஆரம்பித்துவிட்டான். பேனாவை எடுப்பேன். ஒரு வரி எழுதியதும், படிக்கிறவர்கள் "சாமியைக் குறை சொல்லிட்டா" என்பார்களோ என்று இருக்கும். மூடி வைத்துவிடுவேன். இன்னொரு நாள் எடுத்தால், "சாமிய வச்சுத் தன்னைய உசத்திக்கிட்டா" என்பார்களோ என்று இருக்கும். அன்றைக்கும் மூடி வைத்துவிடுவேன்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரை, சேவுகம்பட்டியில். எழுத்து எனக்குப் பழகிய வேலை இல்லை. இப்போதுகூட ஒரு பத்தி எழுதுவதற்குள் எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிறேன், வாசலைப் பார்க்கிறேன், கட்டிலில் படுத்திருக்கிற என் வீட்டுக்காரருக்கு மூச்சு சீராக வருகிறதா என்று பார்க்கிறேன். அடுப்பில் ஒன்றும் இல்லை என்பது எனக்கே தெரியும்.

திண்டுக்கல்லில் மலைக்கோட்டைக்குப் பின்புறம் எங்கள் வீடு. விடியலில் பூ மார்க்கெட்டில் உதிரிப்பூ வாங்கி வந்து, வீட்டில் உட்கார்ந்து கட்டி, கோவில் வாசல் கடைகளுக்குக் கொடுப்பது என் தொழில். என் வீட்டுக்காரர் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குச் சொந்த ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். ஒரே மகன், கோயம்புத்தூரில் இருக்கிறான்.

பூ கட்டுகிறவளுக்குக் கைக்குத்தான் வேலை, வாய் சும்மா இருக்கும் என்று நினைப்பீர்கள். என் வாய் சும்மா இருந்ததில்லை. எந்த வீட்டில் பெண் எடுக்கலாம், எந்த டாக்டர் காரணமில்லாமல் ஊசி போடுவார், வாசலில் முருங்கை வைக்கலாமா, காதலித்துக் கட்டியது எத்தனை நாள் தாங்கும், எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். சொந்தக்காரர்கள் கேட்டு வருவார்கள். கேட்காதவர்களுக்கும் சொல்லி அனுப்புவேன். என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா, ஒட்டன்சத்திரத்தில் இருக்கிறவர், எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்: "அம்மிணிகிட்ட ஒண்ணக் கேட்டா ஊதுபத்தி பத்துறதுக்குள்ள பதில் வந்துருமுங்க. நாமதான் பொறவு உக்காந்து யோசிக்கோணும்."

அதை நான் பெருமையாகவே எடுத்துக்கொண்டேன்.

இதெல்லாம் போக எனக்குப் பெரிய நம்பிக்கை ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரரின் குலதெய்வக் கோவிலில் பூ கேட்கிற வழக்கம் உண்டு. ஒரு காரியத்தில் இறங்கலாமா வேண்டாமா என்று தெரியாதபோது, வெள்ளரளிப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளிப் பூ ஒரு பொட்டலம், வெளியில் தெரியாதபடி இலையில் சுற்றி, வாழைநாரால் ஒன்றுபோலக் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். நம் காரியத்தில் சம்பந்தமில்லாத ஒருவர் கைகழுவி வந்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் அம்மன் சரி என்கிறாள். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள். அவ்வளவுதான்.

அந்தப் பொட்டலங்களைக் கட்டிக் கொடுப்பதில் எனக்குப் பேர் உண்டு. விரலால் தொட்டுப் பார்த்தாலும் எது எது என்று தெரியாது. கனம் ஒன்றுபோல இருக்கும், முடிச்சு ஒன்றுபோல இருக்கும். சொந்தத்தில் யார் பூ கேட்கப் போனாலும் என்னிடம் வந்துதான் வாங்கிப் போவார்கள். பொட்டலத்தோடு சேர்த்து ஒரு கண்டிஷனும் கொடுப்பேன். ஒரு தடவைதான் கேட்க வேண்டும்.

நாத்தனார் தன் மகளுக்கு ஒரு வரனுக்காகப் பூ கேட்டபோது சிவப்பு வந்தது. அவருக்கு அந்த வரனில் ஆசை. "மத்தியானப் பூசை முடிஞ்சு இன்னொருக்கா கேக்கலாமுங்களா?" என்று பூசாரியிடம் இழுத்தார். நான்தான் குறுக்கே விழுந்தேன். "மதினி, ஒருக்காத்தான் கேக்கணும். ரெண்டாவது தடவ கேட்டா அது கேக்குறது இல்ல, சாமிய மிரட்டுறது." பூசாரியே தலையாட்டினார். அந்த வரன் போயிற்று. பெண்ணை வேறிடத்தில் கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறாள். முதலில் பார்த்த பையனும் எங்கேயோ நன்றாகத்தான் இருப்பான்.

அப்போதெல்லாம் நான் சாட்சிக்கு இழுப்பது என் கல்யாணத்தை. "எனக்குப் பூ கேட்டப்ப ஒரே தடவதான். பொட்டலத்தப் பிரிச்சா வெள்ளை, பால் மாதிரி. அதான் இன்னைக்கு வரைக்கும் ஒரு கொறையில்லாம ஓடுது." இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொல்லும்போது என் வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

வயதாக ஆகத் தீர்மானம் கெட்டிப்படும் என்று நினைத்திருந்தேன். எனக்கு என்னவோ ஐம்பத்தைந்து தாண்டியதும் ஒவ்வொன்றாகக் கழன்றது. காதல் கல்யாணம் ஆறு மாசம் தாங்காது என்று நான் தீர்ப்புச் சொன்ன ஜோடி, இன்றைக்கும் ஒரே ஸ்கூட்டரில் ஹெல்மெட்டை யார் போடுவது என்று சண்டை போட்டுக்கொண்டு என் வாசலைக் கடக்கிறது. பத்துப் பொருத்தமும் பார்த்து நானே முன்னால் நின்று முடித்த ஒன்று, கோர்ட்டு வாசலில் நிற்கிறது. காரணமில்லாமல் ஊசி போடுவார் என்று நான் சொல்லி வந்த டாக்டர்தான் முதன்முதலில் என் வீட்டுக்காரரின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, வெகுநேரம் கேட்டுவிட்டு, "உடனே மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார்.

என் வீட்டுக்காரர் அப்போது வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் போவதற்குள் நடுவில் நின்று நின்று போனார். வெயில் என்றார், செருப்பு சரியில்லை என்றார். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருக்கிறது, நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டும் என்றார்கள். அந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். "மாத்திரையிலேயே வச்சிருந்தா கொஞ்ச நாள் ஓடும். எம்புட்டு நாள்னு சொல்ல முடியாது. ஆபரேஷன் பண்ணா நல்லா இருக்கலாம். ஆனா சர்க்கரை இருக்கு, வயசு இருக்கு. உயிருக்கே ஆபத்தாகலாம், கை கால் இழுத்துக்கவும் வாய்ப்பு இருக்கு. வீட்ல பேசிட்டு வாங்க."

வீட்டில் பேசுவது என்றால் என்னைக் கேட்பது என்று அர்த்தம். மகன் போன் செய்தான். "அம்மா, நான் லீவு சொல்லிட்டேன். நீங்க சரின்னு சொல்லுங்க, தேதி வாங்கிடுறேன்." நாத்தனார் போன் செய்தார். "அம்மிணி, எங்க ஊர்ல ஒருத்தரு இதே மாதிரி போயி வரவே இல்லீங். நல்லா யோசிச்சுச் சொல்லு." என் வீட்டுக்காரர் போன் செய்யவில்லை, எதிரே உட்கார்ந்திருந்தார். "நீ சொல்லு. நீ சொல்றத நான் செய்யுறேன்" என்றார். மில்லில் எந்த ஷிப்ட் கேட்பது என்பதிலிருந்து மகனை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்பது வரை அவர் சொன்ன அதே வார்த்தைதான்.

என் வாயில் ஒன்றும் வரவில்லை.

உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. பூவை எடுத்து வைத்தால் கை தன் போக்கில் கட்டும், மனசு எங்கேயோ இருக்கும். மல்லிகைக்கு நடுவில் மரிக்கொழுந்து வைக்க மறந்து முழம் முழமாகக் கட்டி அனுப்பிவிட்டேன். கடைக்காரர் திருப்பி அனுப்பினார். "என்னக்கா, மொட்டையா இருக்கு, ஆள் மாத்தி வச்சிட்டீங்களா?" ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்து போய், யாரையும் கூப்பிடப் போகாமல், திரும்பி நடந்து வந்தேன். காலையில் ஆபரேஷன் என்று முடிவு செய்வேன். இட்லி வெந்து இறங்குவதற்குள் வேண்டாம் என்று ஆகிவிடும்.

கடைசியில் என் வீட்டுக்காரரே சொன்னார், "அம்மன்கிட்டக் கேட்டுருவோமே." எனக்கு அப்பாடா என்று இருந்தது. நான் சொல்ல வேண்டியதில்லை, அவள் சொல்லிவிடுவாள்.

என் கையாலேயே பொட்டலம் கட்டினேன். ஒட்டன்சத்திரம் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்து, நாத்தனாரையும் ஏற்றிக்கொண்டு குலதெய்வத்தின் காட்டுக்கோவிலுக்குப் போனோம். அன்றைக்கு அங்கே பூசாரியைத் தவிர யாரும் இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் முருங்கை பறித்துவிட்டு ஒரு பெண் தலையில் கட்டோடு வந்தாள். பூசாரி அவளைக் கூப்பிட்டார். கட்டை இறக்கி, குழாயில் கைகழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள். "நல்ல காரியந்தானுங்களே?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை. சந்தைக்கு வண்டி போய்விடும் போல.

அவர் பிரித்தார். செவ்வரளி.

பூசாரி திருநீறு கொடுத்தார். ஆட்டோவில் ஏறியதும் நாத்தனார் மெதுவாக, "அம்மன் வேண்டாம்னுட்டா" என்றார். அப்புறம் ரோட்டைப் பார்த்தபடியே, "இன்னொருக்கா கேக்கலாமுன்னா நீதான் விடமாட்டியே அம்மிணி. எனக்கே விடல" என்றார். குத்துவதற்குச் சொன்னாரா, எனக்கு ஒரு வழி திறந்துவிடச் சொன்னாரா, இன்றைக்கு வரை எனக்குப் புரியவில்லை. சொன்ன குரலில் ரெண்டும் இருந்தது.

மகனிடம் போனில் சொன்னேன். "அம்மா, வால்வு சுருங்குனது அந்த முருங்கைக்காய்க்காரம்மாவுக்குத் தெரியுமா?" என்றான்.

"ஏலே, அவ எடுக்கல. அம்மன் எடுத்துக் குடுத்தது."

"சரி. நான் அம்மன்கிட்டப் பேச முடியாது. உங்ககிட்டத்தான் பேச முடியும். நீங்க என்ன சொல்றீங்க?"

அடுப்பில் பால் பொங்குகிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்தேன்.

அதன் பிறகு வந்த நாட்கள்தான் கஷ்டம். அம்மன் சொல்லியாயிற்று, நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? சிவப்பு வந்த நிமிஷத்திலிருந்து என் மனசு வெள்ளைக்கு அலைந்தது. இன்னொரு தடவை கேட்கலாமா? கேட்டால் நான் இத்தனை பேருக்குச் சொன்னது என்ன ஆகும்? கேட்காமல் இருந்து இவருக்கு ஒன்று ஆனால்? அம்மன் சொல்லுக்கு அடங்கி இருக்கிறேனா, என் சொல்லுக்கு அடங்கி இருக்கிறேனா? அவர் குனிந்து செருப்பு மாட்டும்போது மூச்சு விசில் மாதிரி வந்தது. சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டுக் கும்பிட நின்றால், என்ன கேட்பது என்று தெரியாமல் விளக்கைத் தூண்டிக்கொண்டே நின்றேன்.

எதிர்வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறார், கிறிஸ்தவர். ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவர். அவரிடம் கேட்டேன், "டீச்சர், ஒண்ணும் தெரியலன்னா நீங்க என்ன செய்வீங்க?"

"ஜெபம் பண்ணுவோம்" என்றார்.

"பண்ணியும் தெரியலன்னா?"

தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். "கண்ண மூடிக்கிட்டு பைபிளத் தொறந்து, விரல் எங்க விழுகுதோ அதப் படிப்பேன். எங்க கோவில் சாமியார்கிட்டச் சொல்லிராதீங்க, திட்டுவாரு."

"சரியா வருமா?"

"ஒரு தடவ எங்க வீட்டுக்காரருக்கு டிரான்ஸ்பர் வேணுமான்னு கேட்டேன். விரல் ஆட்டுமயிர்த் திரை அளவுல விழுந்துச்சு. கூடாரத்துக்கு எத்தன முழம் வேணும்னு போட்டிருந்துச்சு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கும் பல நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. உள்ளே வந்து நினைத்துப் பார்த்தேன். திரையைப் பற்றி விழுந்ததும் அவர் என்ன செய்தார் என்று கேட்கவில்லை. இன்னொரு தடவை திறந்திருப்பார். நானாக இருந்தாலும் திறந்திருப்பேன்.

ஒரு நாள் மத்தியானம் மருந்துக்கடைக்குப் போய்விட்டு இரண்டு பேரும் நடந்து வந்தோம். அவருக்கு முடியவில்லை. ஒரு பிரியாணிக் கடை வாசலில், பார்சலுக்குக் காத்திருப்பவர்களுக்குப் போட்ட பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் உள்ளே இருந்து, "அண்ணே, டோக்கன் வாங்கியாச்சா?" என்றார்.

"மூச்சு வாங்குறதுக்கும் டோக்கனா தம்பி?" என்றார் இவர். கடைக்காரர் எழுந்து வந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் குடித்து முடிக்கும் வரை நின்றேன். பிறகு என்னை அறியாமல் சொன்னேன், "அம்மன் மட்டும் வேண்டாம்னு சொல்லாம இருந்திருந்தா இந்நேரம் தேதி வாங்கியிருப்போம்."

அவர் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே, "நம்ம கல்யாணத்துக்கு மூணு தடவ கேட்டாங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "என்னத்த?"

"பூவைத்தான். மொதத் தடவ செவப்பு. எங்கப்பா, எடுத்தவன் கை சரியா கழுவலன்னு சொன்னாரு. வேற ஆள விட்டுக் கேட்டா அதுவும் செவப்பு. அம்மனுக்கு இன்னும் தூக்கம் தெளியலன்னு சொல்லி, சூடம் ஏத்தி, மணியடிச்சு, மூணாந் தடவ கேட்டாரு. வெள்ளை வந்துச்சு. போதும், கெளம்புன்னு சொல்லிட்டாரு."

பெஞ்சில் இடம் இருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. "இத்தன வருஷமா ஊர் பூரா ஒரே தடவ ஒரே தடவன்னு சொல்லிட்டுத் திரியுறேன். நீங்க வாயத் தொறக்கல."

"நீ சொல்ற அழகுல எனக்கே அப்பிடித்தான் நடந்துச்சுன்னு ஆகிப்போச்சு."

"வெளையாடாதீங்க. மூணு தடவ கேட்டப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

"நாலாவது தடவையும் கேக்கச் சொல்லலாமுன்னு நின்னுக்கிட்டு இருந்தேன். நான் அதுக்கு முன்னாடியே உன்னைய வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல பாத்துட்டேனே."

வெயிலில் நின்றபடி அழுதேனா சிரித்தேனா என்று எனக்கு நினைவில்லை. கோபம் வந்தது மட்டும் நினைவிருக்கிறது. வழி நெடுக மனசுக்குள் கேட்டுக்கொண்டே வந்தேன். என் கல்யாணமே அம்மன் வேண்டாம் என்று சொன்னதா? அல்லது மூன்றாவதாகச் சொன்னதுதான் அவள் சொன்னதா? அப்படியென்றால் நாத்தனார் மகளுக்கு நான் மறித்தது எந்தச் சொல்லை? ஒரு குறையும் இல்லை என்று நான் சொல்லி வந்த வாழ்க்கை எந்தப் பூவால் வந்தது? ஒரு நூலை இழுத்தால் மாலை முழுவதும் உதிர்வது மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் வெள்ளையும் சிவப்பும் வாங்கினேன். பொட்டலம் கட்டினேன். தனியாக பஸ் ஏறினேன். மாமனார் மூன்று தடவை கேட்டிருந்தால் நான் இரண்டாவது தடவை கேட்பதில் என்ன என்று பஸ்ஸில் தைரியமாகத்தான் இருந்தது. கோவிலில் பூசாரி பொட்டலங்களை வாங்கிக் காலடியில் வைத்தார். "செத்த இருங்கம்மா, யாராச்சும் வருவாங்க" என்றார்.

உட்கார்ந்தேன். அம்மன் முகத்தைப் பார்த்தேன். யாராவது வந்து, வெள்ளையை எடுத்தால் சந்தோஷமாகப் போய்விடுவேன். சிவப்பை எடுத்தால்? கை கழுவவில்லை என்பேன். தூக்கம் தெளியவில்லை என்பேன். வெள்ளை வருகிற வரை இங்கேயே உட்கார்ந்திருப்பேன், அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அப்படியென்றால் நான் கேட்க வரவில்லை. என் முடிவு எனக்குள் எப்போதோ விழுந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் பயம். சொல்லி, நடக்கக்கூடாதது நடந்துவிட்டால் அது அவள் சொன்னதாக இருக்க வேண்டும், நான் சொன்னதாக இருக்கக்கூடாது.

தூரத்தில் யாரோ மொபெட்டில் வரும் சத்தம் கேட்டது. எழுந்து பூசாரியிடம், "பொட்டலத்தப் பிரிச்சு ரெண்டு பூவையும் அம்மனுக்குச் சாத்திருங்க" என்றேன்.

"கேக்கலீங்களா?"

"இல்ல."

"பொறவு எதுக்குங்கம்மா இம்புட்டுத் தூரம்?"

"சொல்லிட்டுப் போகத்தான்."

அவர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பிரித்துச் சாத்தினார். நான் அவளிடம் சொன்னேன், வாய்விட்டே சொன்னேன். நீ வேண்டாம்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு தாயி. இருந்தும் மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன். சரியா தப்பான்னு எனக்குத் தெரியல. தெரியும்னு உன்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். கோவிச்சுக்கிட்டாலும் கூட வா.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம், "ஆபரேஷன் பண்ணிருவோம்" என்றேன்.

"அம்மன் சொல்லிட்டாளா?"

"சொல்லல. கேக்கல. நல்லாயிருமான்னும் எனக்குத் தெரியல."

அவர் முகம் ஒரு நிமிஷம் பயந்து போயிற்று. எனக்குத் தெரியல என்ற வார்த்தையை என் வாயிலிருந்து அவர் அதற்கு முன் கேட்டதில்லை. என் தீர்ப்பில் சாய்ந்துகொண்டே வாழ்ந்த மனுஷன். அதை நான் அப்போதுதான் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் தெரிந்த மாதிரி நடித்திருக்கலாமோ என்றுகூட இருந்தது. அவர்தான் பிறகு, "சரி, தெரியாதவுங்க ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம். ஒரு போர்வை எடுத்து வையி. அங்க ஏசியப் போட்டு ஆள வெறைக்க வச்சிருவாங்க" என்றார்.

ஆபரேஷன் நடந்த அன்று வராந்தாவில் மகன் உட்கார்ந்திருந்தான், நான் நடந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் தேனிப் பக்கத்து அம்மா ஒருவர், மகளுக்கு வைத்தியம் பார்க்க வந்தவர். "நீங்க தைரியமா சேத்துட்டீங்க. எங்களுக்கும் பண்ணலாமா வேண்டாமான்னு இருக்கு. என்னக்கா சொல்றீங்க?" என்று கேட்டார். பழைய நானாக இருந்தால் ஊதுபத்தி பத்துவதற்குள் சொல்லியிருப்பேன். அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறொன்றும் என்னிடம் இல்லை. அவருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் பிழைத்தார். வால்வு நன்றாக வேலை செய்கிறது. மலைக்கோட்டையைச் சுற்றி நடந்து வருகிறார், நடுவில் நிற்பதில்லை. ஆனால் மயக்கம் தெளிந்தபோது இடது கை வரவில்லை. டாக்டர் சொன்ன வாய்ப்புகளில் அதுவும் ஒன்று. பயிற்சி கொடுத்து ஓரளவு வந்திருக்கிறது. பூக்கூடையைப் பிடித்துக்கொள்வார். நாரைப் பிடிக்க முடியாது. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். "ஆபரேஷனுக்கு முன்னாடியும் நீதான் எல்லாம் முடிவு பண்ணுன, பொத்தான் மட்டும் என் கையில இருந்துச்சு. அதையும் வாங்கிக்கிட்ட" என்பார்.

நாத்தனார் பார்க்க வந்தபோது அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "அம்மன் பேச்சக் கேக்காததுக்குக் கையோட விட்டுட்டா, மகராசி" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். மகன் சொன்னான், "அத்தை, பேச்சக் கேட்டிருந்தா கை இருந்திருக்கும், ஆள் இருந்திருக்க மாட்டாரு." இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் காபி போட எழுந்தேன்.

இரண்டில் எது சரி? நான் கும்பிடுவதை நிறுத்தவில்லை. முன்னைவிட அதிகமாகத்தான் கும்பிடுகிறேன். முன்பு அவள் என்ன நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரியும் என்று கும்பிட்டேன், இப்போது தெரியாமல் கும்பிடுகிறேன். இது பக்தி கூடியதா குறைந்ததா என்பதையும் என்னால் சொல்ல முடியவில்லை. யாராவது பூ கேட்கப் பொட்டலம் கட்டச் சொன்னால் கட்டித் தருகிறேன். கண்டிஷன் ஒன்றும் சொல்வதில்லை. "எத்தன தடவ கேக்கலாம்?" என்று கேட்கிறார்கள். "உங்களுக்கு எது படுதோ" என்றால், விவரம் தெரிந்தவள் மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

இதை இப்போது எழுதத் துணிந்ததற்குக் காரணம் இருக்கிறது. போன தை மாதம் ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது, எனக்குத் தெரியாத ஒருத்தி எனக்குப் பின்னால் உட்கார்ந்து எங்கள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் வெள்ளைப்பூ வந்தது, நாங்கள் நம்பிப் போனோம், அவர் கையும் காலும் சுகமாகத் திரும்பி வந்தார். பக்கத்தில் இருந்தவள் மறுத்தாள். அவள் கேட்ட கதையில் சிவப்பு வந்தது, நாங்கள் மீறினோம், அவர் ஆபரேஷன் மேஜையிலேயே போய்விட்டார். முதல் பந்தியில் சாப்பிட்ட என் வீட்டுக்காரர் அந்த நேரத்தில் கைகழுவுகிற இடத்தில் வலது கையால் இலையை மடித்துப் போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தார்.

நான் திரும்பிச் சொல்லவில்லை. சொன்னாலும் அந்த இரண்டு பேரும் விடுவார்களா? அதனால்தான் எழுதி வைக்கிறேன். படித்தவர்கள் யாரிடமாவது இதைச் சொல்ல நேர்ந்தால், இருக்கிறபடியே சொல்லுங்கள் என்று கும்பிட்டுக் கேட்கிறேன். செவ்வரளி வந்தது. அது தெரிந்தே போனார்கள். அவர் உயிரோடு இருக்கிறார். இடது கை முழுசாக வரவில்லை. ஏன் என்று அந்தப் பூ கட்டுகிறவளுக்குத் தெரியாது. இதைச் சொல்லி முடித்ததும், கடைசியில் சொந்தமாக ஒரு வரி சேர்க்க நாக்கு துறுதுறுக்கும். எனக்கே இப்போது துறுதுறுக்கிறது. தயவுசெய்து சேர்க்காதீர்கள்.